மண்டபம் வரை போய்ச் சேராத கம்ப்யூட்டர்

இந்தப் பத்தியை நான் பேப்பரில்தான் எழுதுவேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் அதை டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவைப்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் போனபோது மனிதர் என் பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்கிரீனில் கலர் கலராக ஒரு ரிப்பன் நெளிந்துகொண்டிருந்தது.

என்ன பாய், கேமா என்று கேட்டேன். இல்லை, புரோட்டீன் என்றார்.

பாயின் மனைவி மும்தாஜுக்கு ஒன்றரை வருஷமாகக் கைநடுக்கம். மூளையில் ஒரு புரோட்டீன் தப்பாக மடிந்து படிவதும் இந்த நோயில் உண்டு என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். புரோட்டீனுக்கு மடிப்பு ஏது, புடவையா அது? பாய் தேடிப் பார்த்திருக்கிறார். அப்போது கண்ணில் பட்டதுதான் இந்தத் திட்டம். எந்தப் புரோட்டீன் எப்படி மடியும் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஏகப்பட்ட கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாக அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பும். சம்பளம் கிடையாது.

இதனால் நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று பாய் நினைக்கவில்லை. அவளுக்காக நான் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். அதுவும் நடக்கவில்லை.

"நாலு வேலை வாங்குனேண்ணே. ஒண்ணக்கூட முடிக்க முடியல. நாலையும் புடுங்கி வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. இது அஞ்சாவது."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் இங்கிலீஷ், லாரியில் கிளீனராக இருந்தபோது போர்டு பார்த்துப் படித்தது. ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பாயின் போனை வாங்கி, அந்தத் திட்டத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தோண்ட ஆரம்பித்தேன்.

ஒர்க் யூனிட் என்றால் நமக்கு வெட்டிக் கொடுத்த துண்டு வேலை. டெட்லைன் என்றால் கெடு. அதற்குள் முடிக்காவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். சரி, புரிகிறது... நான் வேலை பார்த்த செங்கல் சூளையிலும் இதே சட்டம்தான்.

புரோட்டீன் மடிப்புதான் கொஞ்சம் சுற்றலில் விட்டது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்காவிடம் ஒரு முழம் வாங்கிவந்து பைக்குள் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதிரி சுருண்டு கிடந்தது. எடுத்துத் திரும்பப் போட்டால் வேறு மாதிரி. புரோட்டீனும் இப்படி ஒரு நீளச் சரம்தானாம். ஆனால் உடம்புக்குள் அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுருளும். எப்படிச் சுருளும் என்று சரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்... அதுதான் கணக்கு. பூ வாங்கும்போது யாராவது இவ்வளவு யோசிப்பார்களா?

இன்னொரு வார்த்தை செக்பாயின்ட். அதைப் போன் தமிழில் 'சோதனைச் சாவடி' என்று மாற்றிக் கொடுத்தது. கணக்குக்கு எதற்குச் சாவடி? அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாய் கடை திறக்கும்போதே போய், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பாய் வேறொரு கம்ப்யூட்டரில் ஓயாமல் டைப் அடிப்பவர். இதைச் சாயங்காலம் ஒரு தடவைதான் எட்டிப் பார்ப்பார். முழுசாக உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

பத்து மணிக்குப் பூஜ்யம். பன்னிரண்டுக்கு ஆறு சதவீதம். ஒரு மணிக்கு ஒன்பது. பாய் எழுந்தார், தொப்பியை எடுத்தார், மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறார். கடை மொத்தமும் இருட்டாகிவிட்டது.

திரும்பி வந்து மெயினைப் போட்டார். கம்ப்யூட்டர் முழித்தது. பூஜ்யம்.

சாயங்காலம் அஸர் தொழுகை. மறுபடி மெயின். மறுபடி பூஜ்யம்.

அப்போதுதான் சாவடி விளங்கியது. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் ரெட்டியார்சத்திரம் மண்டபத்தில் மூட்டையை இறக்கிப் படுத்தால், மறுநாள் அங்கிருந்து நடக்கலாம். மண்டபம் வருவதற்கு முன்னால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டால்? மறுநாள் திண்டுக்கல்லிலிருந்துதான். செக்பாயின்ட் அந்த மண்டபம். பாயின் பழைய கம்ப்யூட்டர் அங்கே போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகிறது. ஒரு தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் நடுவில் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. ஒரு மாசமாக அது பாதி வழியில் திரும்பித் திரும்பி வந்திருக்கிறது.

சொன்னேன். பாய் முகம் சுண்டிவிட்டது. மெயினைப் போட்டுவைத்துவிட்டுப் போக அவரால் முடியாது. முந்தைய கடை அப்படித்தான் எரிந்தது. பள்ளிவாசலில் இருந்தபோது ஷார்ட் சர்க்யூட். அதிலிருந்து கடையில் ஆள் இல்லையென்றால் கரன்ட்டும் இல்லை.

நான் உட்கார்கிறேனே என்றேன். சிரித்தார்.

"நீங்க ஒரு எடத்துல செத்த நேரம் உக்காந்து நான் பாத்ததில்லையேண்ணே."

அடுத்த நாள் நான் பழனிக்குக் கிளம்புவதாக இருந்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பாய் வீட்டில். மும்தாஜ் கறிக்குழம்பைக் கரண்டியில் ஊற்றாமல், சட்டியை மேஜையில் வைத்து நீங்களே எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அவர் கடைத்தெருப் பக்கமே வருவதில்லை. ஒரு ஜவுளிக் கடையில் கொடுத்த டீ, கை நடுங்கி, விரித்துப் போட்டிருந்த சேலை மேல் கொட்டிவிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான். எனக்குத் தெரிந்து பாயை அரித்தது நடுக்கத்தைவிட அதுதான்.

பாய் மண்டபக் கதையை அப்படியே சொன்னார். மும்தாஜ் கேட்டுக்கொண்டே இருந்தவர், பாயைப் பார்த்தார்.

"எனக்காகத்தான ஓட்டுறீக?"

"ஆமா."

"அப்ப நான் வந்து உக்கார்றேன். கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கக் கை எதுக்கு?"



பழனிக்குப் போன நான் பத்து நாள் கழித்துத்தான் திரும்பினேன். கடைக்குள் மும்தாஜ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காவல் மட்டும் இல்லை, ஜெராக்ஸும் அவர்தான். ஆதார் கார்டு கொண்டுவந்த ஒருவர் அவர் கையையே பார்த்தார்.

"நடுக்கம்ண்ணே. மெஷினுக்கு நடுக்கம் கெடையாது, காப்பி சுத்தமா வரும்" என்று சொல்லிப் பட்டனை அமுக்கினார்.

அஞ்சாவது வேலையும் கெடு தாண்டிப் போயிருந்தது. ஆறாவது முடிந்துவிட்டது. ஒரு நாள் 'பெண்டிங்' என்று காத்திருந்து, பிறகு 'வேலிட்' என்று வந்திருக்கிறது. கணக்குச் சரிதான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். பாய் எனக்கு டீ சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கடைசியாக ஒரு வார்த்தை பாக்கி இருந்ததே... எனர்ஜி. ஒரு புரோட்டீனுக்கு ஆயிரக்கணக்கான உருவங்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். எதற்கு எனர்ஜி மார்க் குறைவோ, அதுவே நிஜ உருவமாக இருக்க வாய்ப்பு அதிகம். தேடிப் பார்த்தோம். நம் உருவம் நடுவில் எங்கேயோ கிடந்தது. குறைந்த மார்க் வேறு யாரோ போட்டதற்கு.

"அப்ப நம்ம போட்டது தப்பாண்ணே?" பாய் குரல் இறங்கிவிட்டது.

கணக்கு சரி, உருவம்தான் தப்பு என்றேன். அது அவருக்கு ஆறுதலாகத் தெரியவில்லை.

மும்தாஜ் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இம்புட்டு உருவத்துல எது தப்புன்னு யாராச்சும் போட்டுப் பாத்தாத்தான தெரியும். ஒண்ணக் கழிச்சுக் குடுத்தாச்சு. அடுத்தத எறக்குங்க. அஸருக்கு நேரமாச்சு, நீங்க கெளம்புங்க."

பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். விளக்கு எரிந்தபடி இருந்தது. நான் டீயைக் குடித்துக்கொண்டே என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சூளை, லாரி, தோல் ஷாப், லாட்ஜ், பரோட்டாக் கடை... இதுவரை நான் பார்த்தது பதினேழு வேலை. அத்தனையும் தப்பான உருவம்தான்.

ஒன்றுக்காவது யாராவது 'வேலிட்' போட்டிருக்கலாம்!