சனிக்கிழமை படுத்துவிடும் திமில்

புற்றுநோய் செல்களை உயிரோடு வளர்த்து, அவற்றில் மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது என் பிழைப்பு. இதைச் சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். இப்படி வெளியே சொல்லிப் புரியவைக்க முடியாத வேலையில் நீங்களும் மாட்டிக்கொண்டிருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் உள்ள கல்லூரி. ஆய்வகத்தில் இரண்டே பேர்: நானும் எஸ்தரும். எஸ்தருக்கு நாற்பத்திரண்டு வயது, ஆய்க்குடியிலிருந்து வருவார். பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். நான் அவருக்குக் கைடு. கீழே உள்ளவை தொடங்கியபோது அவருடைய பதிவுக்காலம் முடியச் சரியாக ஒரு வருடம் இருந்தது. அடுத்த டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நாலரை வருட உழைப்பும் போச்சு.

செல் ரிப்பேர்

எங்கள் வாசலில் ‘செல் ஆய்வகம்’ என்று பலகை மாட்டியது என் யோசனை. மாட்டிய வாரமே சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஒருவர் உள்ளே வந்து, சொட்டச் சொட்ட ஒரு போனை மேசையில் வைத்தார். “ஐந்தருவில விழுந்துட்டு. கொஞ்சம் பாத்துக் குடுங்க.”

நான் உயிரணு, திசு என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். போனை மட்டும் எடுக்கவில்லை. எஸ்தர் அதன் முதுகைக் கழற்றி, ரசாயனப் பொடிகளை ஈரமில்லாமல் வைக்கும் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடினார். “நாளைக்கு வாங்க அண்ணாச்சி.” மறுநாள் அவர் வந்தபோது போன் உயிர் பெற்று அடித்தது. ஈரம் உறிஞ்சும் ஜாடி இருபது வருடமாக என் கண்ணெதிரே இருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, வந்தவர் எஸ்தரிடம் கேட்டார்:

“இவ்வளவு கைராசிய வச்சிக்கிட்டு, பஜார்ல ஒரு கடையப் போடாம இங்கன என்ன தாயி செய்திய?”

பண்டிகைச் சாப்பாடு

நாங்கள் வளர்ப்பவை, யாரோ ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியிலிருந்து எப்போதோ எடுத்து, கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்த செல்கள். உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பந்த், கல்யாணம், காய்ச்சல் எதுவும் அவற்றுக்குத் தெரியாது.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று நான் போய் ஊற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டேன். பதினொரு மணிக்கு அடித்துப் பிடித்து ஓடினால், எஸ்தர் கோயில் ஆராதனை முடிந்து அப்படியே வந்து, புதுப் பட்டுச்சேலை மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். நான் மறப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது என்னை உறுத்தியது. வாட்ச்மேன் சுடலை அண்ணாச்சி வாசலில் நின்றபடி, “ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா கேன்சருக்குச் சோறு போட வந்திட்டியளாக்கும்! அது செத்தா நல்லதுதான?” என்றார். எஸ்தர் கையை நிறுத்தவில்லை.

“பட்டினி போட்டு யாரு வேணும்னாலும் கொன்னுருவாங்க அண்ணாச்சி. மருந்துக்குச் சாகுதான்னு பாக்கணும்னா, அதுவரைக்கும் நாமதான வச்சிக் காப்பாத்தணும்?”

திமில்

எங்கள் வேலை இதுதான். பென்சில் தடிமனில் ஒரு கார்பன் குச்சி. அதன் நுனியில் செல்களைப் படியவிட்டு, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். செல்லுக்குள் நடக்கும் ரசாயன வேலை மிக மெல்லிய மின்னோட்டமாக வெளியே தெரியும். கணினித் திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் புடைத்து எழுந்து இறங்கும். எஸ்தர் அதற்குத் திமில் என்று பேர் வைத்தார். காளையின் முதுகுபோலவேதான் இருக்கும். செல் செத்தால் திமில் இல்லை. மருந்து விட்டால் திமில் மெதுவாகச் சரியும். பக்கத்து மேசையில் செல்கள் எவ்வளவு குளுக்கோஸைத் தின்றன, எத்தனை செத்தன என்று சாயமிட்டு எண்ணிப் பார்த்தால், அந்தக் கணக்கும் இதுவும் ஒத்துப்போகும். செல்லை உடைக்காமலே மருந்து பிடிக்கிறதா என்று சொல்லிவிடலாம். எஸ்தரின் ஆய்வேடு முழுக்க இந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது.

திமில் சரிவதை முதன்முதலாகப் பார்த்த அன்று இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம். ஒரு நோயாளியின் தலைமாட்டில் நிற்பதுபோல இருந்தது. வளர்த்தது நாம், கொல்வதும் நாம், இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று என் மனம் வழக்கம்போல எங்கோ போய்விட்டது. எஸ்தர் நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டுச் சொன்னார்:

“எங்க அத்தைக்கு மருந்து கேக்கலன்னு தெரியவே ஆறு மாசம் ஆச்சு சார். இது முக்கால் மணி நேரத்துல சொல்லுது.”

செல்லுக்குக் கிழமை

ஜூன் பிறந்து சாரல் ஆரம்பித்தது. கூடவே சில நாட்கள் திமில் வராமல் போனது. கோடு தரையில் விரித்த பாய்போலக் கிடக்கும். சாயமிட்டு எண்ணினால் செல்கள் உயிரோடுதான் இருக்கும். ஆகஸ்டுக்குள் இப்படி ஒன்பது தடவை.

நான் பயந்துவிட்டேன். செல் உயிரோடிருந்தும் திமில் இல்லையென்றால், இதுவரை வந்த திமிலும் செல்லுடையது அல்லாமல் வேறு ஏதோ அழுக்குடையதாக இருக்கலாம். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னேன். நேர்மையாக இருப்பதாகத்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால், தப்பு அவர் பக்கம்தான் இருக்கும் என்று எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்தேன் என்று தெரியவில்லை. எஸ்தர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டைக் கொண்டுவந்து, ஒன்பது தேதிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். எல்லாம் சனிக்கிழமை. சாரல் ஈரம், மின்சார ஏற்ற இறக்கம் என்று நான் காரணங்களை அடுக்கினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“ஈரம் எல்லா நாளும்தான் இருக்கு சார். சனிக்கிழமைன்னு செல்லுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

சிவப்பு நூல், கறுப்பு நூல்

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது மேசையில் இரண்டு கார்பன் குச்சிகள். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் கறுப்பு நூல். “கறுப்பை நீங்க தேச்சுக் குடுங்க சார், சிவப்பை நான் தேச்சிட்டேன்” என்றார். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் குச்சியின் நுனியைப் பொடி தூவிய துணியில் தேய்த்துக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்க வேண்டும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கையுறை போட்டால் நுனியின் சொரசொரப்பு விரலுக்குத் தெரியாது என்பது என் கொள்கை. மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒரே குடுவைச் செல்களை இரண்டிலும் படியவிட்டார். சிவப்பில் திமில் எழுந்தது. கறுப்பில் பாய் விரித்தது. மாற்றி மாற்றி மூன்று முறை பார்த்தோம்; அதேதான்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சீசனில் சனிக்கிழமைதோறும் விடிந்ததும் குற்றாலம் போவேன். ஒரு மணி நேரம் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, பிறகு அருவியில் நின்றுவிட்டு நேரே ஆய்வகம் வருவேன்; அன்றும் அப்படித்தான். சோப்பும் வேண்டாம், சீயக்காயும் வேண்டாம், அருவித் தண்ணீர் விழும் வேகத்திலேயே எண்ணெய் போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று, எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தோன்றியதில்லை. என் விரலில் தங்கிய எண்ணெய் துணி வழியாகக் குச்சியின் நுனியில் படிந்து மின்னோட்டத்தை மறித்திருக்கிறது. எண்ணெய் படிந்த துணியை எஸ்தர் திங்கட்கிழமைதோறும் மாற்றிவிடுவதால் மற்ற நாட்கள் தப்பித்திருக்கின்றன. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னது இவ்வளவுதான்:

“சார், தப்பா எடுத்துக்காதிய. உங்க கையக் கொஞ்சம் மோந்து பாருங்க.”

யார் கை?

கையுறை போட்டுத் தேய்த்த சனிக்கிழமைகளில் திமில் தவறாமல் வந்தது. கையெழுத்துப் போட்டேன். ஒரு நிபந்தனையோடு: ஒன்பது சனிக்கிழமைகளும் காரணத்தோடு ஆய்வேட்டில் இருக்க வேண்டும். எஸ்தர் தயங்கினார். “உங்க பேரு கெட்டுப்போவும்லா சார்?” போகட்டும் என்றேன். ஒருவரின் நாலரை வருடத்தை எண்ணெய்க் கையால் துடைத்துப் போட இருந்தவனுக்கு அந்தக் கெட்ட பேர்கூட இல்லையென்றால் எப்படி? டிசம்பருக்கு இரண்டு வாரம் முன்பே ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சிரிக்காத மனிதர். இரண்டு மணி நேரம் துருவினார். எஸ்தர் ஒரு கேள்விக்கும் என் பக்கம் திரும்பவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார், தெரிந்ததை ஒரு வாக்கியத்தில் சொன்னார். நான் முப்பது வருடத்தில் அப்படி நின்றதில்லை. கடைசியில் பேராசிரியர் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டி, “எண்ணெய் படிந்த கையால் மெருகேற்றப்பட்டதால் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கை?” என்றார். நான் எழுந்து சொல்லலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் எஸ்தர், ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினார்.

“இங்கன கையெழுத்துப் போட்டிருக்குல்லா சார், அதே கைதான். தப்புன்னு தெரிஞ்ச பொறவும் மறைக்காம போட்ட கை.”

உயிருள்ள செல் ஒருபோதும் பொய் சொல்லாது என்று முப்பது வருடமாக வகுப்பில் முழங்கி வந்தவன் நான்; அது என்னைப் பற்றியும் உண்மை பேசும் என்பதை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்க விட்டுப்போயிற்று.