அத்தானின் காதும் வேனின் புகைக்குழாயும்

என் அக்காவின் கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். மெஷினைக் கழற்றும் முன் அதன்மேல் காதை வைத்துக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். அந்தத் தொண்ணூறுதான் அவரைக் கெடுத்தது. அடுக்களையில் பாத்திரம் விழுந்தால்கூட, எந்தப் பாத்திரம் என்று கூடத்திலிருந்து தீர்ப்பு சொல்லும் ஆள்.

பழுது பார்த்த மெஷின்களை இருபது வருடப் பழைய வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவை ஒன்றோடொன்று இடிக்காமல் பிடித்துக்கொள்ள அக்கா பின்னால் உட்காருவாள். போன வருடம் சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. வேன் போட்ட கூச்சலில் தெருவே காதைப் பொத்தியது. அத்தான் ஒரு தகர டப்பாவை வெட்டிக் குழாயில் சுற்றி, கம்பியால் இறுக்கினார். சத்தம் நின்றது. சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்தது என்பது அவர் கணக்கு.

பிறகு அக்காவுக்குத் தலைவலி வந்தது. கண்ணாடியை மாற்றினாள், மாத்திரை விழுங்கினாள். போன வெள்ளிக்கிழமை வேனிலிருந்து இறங்கும்போது கால் தள்ளாடி என் தோளில் சாய்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளை உட்கார வைத்துவிட்டு, நழுவிய செருப்பை எடுக்க வேனுக்குள் குனிந்தேன். அவள் கால் வைக்கும் இடத்தில் விரிப்பு கருத்திருந்தது. அதைத் தூக்கினால், வேனின் தரைத் தகட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கரி.

“அத்தான், இங்க வந்து பாருங்க!”

பார்த்தார். “சத்தமே வரலயே மாப்ள” என்றார். எனக்கு அவரை அங்கேயே உலுக்க வேண்டும்போல் இருந்தது.

வண்டிப் புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று சொல்லி, டாக்டர் அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார். “இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா...” என்று ஆரம்பித்தவர், அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேனை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தோம். இன்ஜினிலிருந்து வண்டியின் வால் வரை போகும் குழாய் முழுவதையும் அத்தான் புதிதாக வாங்கியிருந்தார். இந்தத் தடவை ஒட்டுப்போடும் பேச்சே இல்லை. பழைய போல்ட்டுகள் துருவில் இறுகி, எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தும் அசையவில்லை. ஸ்பேனர் இரண்டு முறை நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. பழைய குழாயை இழுத்ததும் கையோடு உதிர்ந்து வந்தது. தகரத்துக்குள் குழாய் என்று ஒன்று இருக்கவேயில்லை.

புதியதைப் பூட்டி முடிக்க மதியமாகிவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார். “சுத்தமா இருக்கு. ஒரு பிசிறு இல்ல.”

“உங்க காத ஓரமா வைங்க அத்தான்” என்றேன். சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் தடவச் சொன்னேன்; புகை கசிந்தால் நுரைக்கும். குழாயின் வால் பக்கத்தை நான் ஈரச் சாக்கால் ஒரு நொடி அடைத்தேன். இரண்டாவது இணைப்பில் பொசுபொசுவென்று நுரை கிளம்பியது. சரியாக அக்காவின் இருக்கைக்குக் கீழே.

அவர் முகம் செத்துவிட்டது. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து இணைப்பைக் கழற்றினார், துடைத்தார், கிளாம்பைத் திருப்பி இறுக்கினார். மறுபடி நுரை பார்த்தோம். இல்லை. நம்பாமல் இன்னொரு முறை தடவினார், இன்னொரு முறை. தரை ஓட்டைக்குத் தகடு அடித்த பிறகும் கீழேயே படுத்திருந்தார்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் மெல்ல வெளியே வந்து, கரிக்கையோடு அவள் முன்னால் நின்றார்.

“வண்டில ஏறினாத்தான் தலை வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே. மூணு தடவ சொன்னேன்.”

“எப்போ?”

அவள் கோபப்படவில்லை. “பாலத்துகிட்ட ஒரு தடவ. மழையில டயர் மாத்தினப்போ ஒரு தடவ. போன மாசம், மெஷின்ல காத வச்சிருந்தீங்களே, அப்போ.”

அத்தான் யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.