வயிற்று வலி என்று சொல்லிச் சேர்த்தோம்

என் மகள் தர்ஷினிக்கு முதலில் மரத்துப்போனது விரல்கள்தான். பதினொன்றாம் வகுப்பு, காலைப் பிரேயர். அடுத்து மூச்சு முட்டியிருக்கிறது. திருப்போரூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

மருத்துவமனையில் பார்த்ததில் இதயத்தில் கோளாறு இல்லை. பீதித் தாக்கம் (திடீரென நெஞ்சு படபடத்து, இதோ செத்துவிடுவோம் என்ற பயம் வருவது) போலத் தெரிகிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள்.

பள்ளியில் ஆலோசகர் உண்டு. புதன்கிழமை மட்டும் வந்து, விளையாட்டுச் சாமான் அறையில் உட்காருவார். மற்ற நாளில் மூச்சு முட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோய்க்குக் கிழமை தெரியுமா?

வாரா வாரம் தனியார் மருத்துவரிடம் போக எங்களுக்குக் கட்டாது. என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. காப்பீட்டு அட்டை உண்டு. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் அது செல்லும். பேசிப் பேசிச் சரிசெய்கிற வைத்தியத்துக்குச் செல்லாது. அதனால் அவரோடு ஷிப்டில் வேலை செய்பவர்கள் பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூடச் சேர்த்துவிடுவது வழக்கம்.

"மச்சான், வயித்து வலின்னு சொல்லிப் படுக்க வெச்சுடு. உள்ள போயிட்டா எல்லா டாக்டரையும் பாத்துக்கலாம். மனசு கினசுன்னு வாயத் தொறக்காத, நாளைக்குப் பொண்ணக் கட்டிக் குடுக்கணும்" என்றார் அவருடைய நண்பர்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏறியது. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். தர்ஷினி எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். மூச்சு முட்டலைவிட அதுதான் என்னைக் கலக்கியது.

மறுநாள் மருத்துவர் அவள் வயிற்றின் வலது பக்கத்தை அழுத்தினார். "இங்க வலிக்குதாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கணவரைப் பார்த்தேன்.

"வயிறு வலிக்கல சார். ஸ்கூல்ல மூச்சு நின்னு பூடுது. சொல்லாதன்னு இவங்கதான் சொல்லிக்கினு கீறாங்க."

மருத்துவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஸ்கேன் தெளிவா இல்ல. குடல்வாலா இருக்கும்னு ஆபரேஷனுக்குப் பேசிக்கிட்டிருந்தோம். தெரியுமா உங்களுக்கு?"

என் கணவர் நடந்ததை எல்லாம் மருத்துவரிடம் சொன்னார்.

வயிற்றில் நோய் இல்லை என்றானதும் அட்டை செல்லவில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மாத்திரையும் பேசிச் சரிசெய்கிற சிகிச்சையும் மெல்லப் பிடித்தன. கணவர் பள்ளிக்குப் போய், நோயின் பெயரை மறைக்காமல் சொன்னார். இப்போது எந்தக் கிழமையானாலும் அவள் அந்தச் சாமான் அறையில் போய் உட்காரலாம். சாவி விளையாட்டு டீச்சரிடம் இருக்கிறது. என்னைப் போல் தவிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அட்டைக்காக நோயின் பெயரை மாற்றாதீர்கள்.

பிரேயர் மணி அடிக்கும் நேரத்தில் என் மூச்சு இன்னும் தானாக நின்றுகொள்கிறது. பள்ளியிலிருந்து போன் வராமல் அந்த நேரம் கடந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"நெசமா வயிறுதாம்மா."

ஓமத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும் வரை, அவள் மூச்சு சீராக வருகிறதா என்று காதைக் கொடுத்தபடியே நின்றேன்.