வாய் திறக்காமல் பழவேற்காட்டில் ஒரு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தொண்டை. முப்பத்திரண்டு வருடமாகப் பிரசங்கம் செய்கிற தொண்டை. மைக் இல்லாமலே கடைசிப் பெஞ்சு வரை கேட்கும் என்று சபையில் சொல்வார்கள். நான் மறுத்ததே இல்லை. டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸ் கூட்டங்கள், பிறகு வருடக் கடைசி ஆராதனை, புது வருட ஆராதனை என்று கத்தித் தீர்த்ததில், ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு காலையில் எழுந்தால் குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார்.

"பதினாலு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறது இன்னும் மோசம். இதுல சரியாகலன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் பழைய குரல் வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது."

எனக்குப் பயமாகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பேச்சை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். எட்டு நாள் வீட்டில் ஜாடை காட்டிக்கொண்டு திரிந்தேன். ஒன்பதாம் நாள் என் மனைவி, "எங்கயாவது போயிட்டு வாங்க, எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்று பையையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்துவிட்டார்.

பழவேற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டச்சுக்காரர்களின் கல்லறைகள். இன்னொன்று, ஜனவரியில் வந்து இறங்கும் பூநாரைகள். மூன்று வருடத்துக்கு முன் அங்கே ஒரு திறந்தவெளிக் கூட்டத்தில் பேசப் போயிருக்கிறேன். சாயங்காலம் காரில் போய், பேசி, மீன் குழம்பு சாப்பிட்டு, அன்றிரவே திரும்பிவிட்டேன். ஏரி எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

தண்டையார்பேட்டையில் காலை 6.10க்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்தவர் செல்போனில் செய்தி விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேர், ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் மதத்தை யார் அவமதித்தார்கள் என்பது அன்றைய தலைப்பு. அடுத்த சீட்டில் ஒரு பாட்டு, கதவருகே இன்னொரு பாட்டு. என் வாய் அடைபட்ட பிறகுதான் ஊரே கத்திக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது. எங்கள் சபையின் ஒலிபெருக்கியும் அதில் சேர்த்திதான். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா இரண்டு முறை வந்து சொல்லியும் நான் சத்தத்தைக் குறைத்ததில்லை.

பொன்னேரியில் 7.00க்கு இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, 7.35 பஸ்ஸைப் பிடித்தேன். பழவேற்காட்டுக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் இருபது ரூபாய். "என்னால் பேச முடியாது. பழவேற்காடு ஒன்று" என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்த கண்டக்டர் குனிந்து என் காதுக்குள், "பழ! வேற்! காடா!" என்று அலறினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுக்காரர், "பாவம், ஆளு டீஜென்டா கீறாரு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். திருப்பாலைவனம் வருவதற்குள் அட்டையில் "காது நன்றாகக் கேட்கும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற நெல். அதற்கப்புறம் காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கிறது.

8.25க்குப் பழவேற்காடு. டச்சுக் கல்லறைக்குப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. உள்ளே கோபுரம் மாதிரியும் பெட்டி மாதிரியும் சமாதிகள், ஆள் உயரத்துக்குக் கல்வெட்டுகள். முந்நூறு, முந்நூற்றைம்பது வருடம் ஆகியும் ஓர் எழுத்துகூடச் சிதையாத கற்கள் பல இருக்கின்றன. துணி வியாபாரத்துக்கு வந்து, கோட்டை கட்டி, பிள்ளை பெற்று, காய்ச்சலில் செத்தவர்கள். ஒரு கல்லின் முன் பத்து நிமிடம் நின்றேன். இவ்வளவு ஆழமாக வெட்டி வைத்தும், எல்லாம் டச்சு மொழி என்பதால், இந்த ஊரில் யாராலும் அதைப் படிக்க முடியாது. காவலாளி வெளியே ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். கோட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள், முள்ளும் புதரும்தான் மிச்சம்.

வெளியே ஆட்டோவுடன் காதர் பாய் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தாடியில் மருதாணிச் சிவப்பு. அட்டையைக் காட்டி, "பூநாரை" என்று எழுதினேன். "பட்சி பாக்கணுமா? குந்துங்க சார். போட்டெல்லாம் வாணாம், கரைலேந்தே காட்றேன். போக வர நானூறு, வெயிட்டிங் சார்ஜு நமக்கு இல்ல" என்றார். என்னால் பேரம் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பிறகு விசாரித்ததில் சரியான கூலிதான் கேட்டிருக்கிறார்.

அரை மணி நேரம் ஓட்டி, ஏரிக்கரையில் சீமைக்கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பூநாரைகள் இருந்தன, தூரத்தில் ஒரு வெளிறிய ரோஜா நிறக் கோடாக. அவ்வளவுதான் தெரிந்தது, பைனாகுலர் கொண்டு போங்கள். என் கண்ணைப் பிடித்தது பக்கத்துக் காட்சி. கரையிலிருந்து நூறு அடிக்குள் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய கூடை ஒன்று உண்டு, பறி என்று பெயர். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், வாயில் அந்தக் கயிறுதான். அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பத்தரை மணிக்கு அதில் ஒரு அம்மா கரையேறினார். பெயர் நாகம்மா என்று பாய் சொன்னார், அவருக்குப் பழக்கமானவர். நாற்பத்தைந்து வயதுக்காரர். கயிற்றை எடுத்ததும் தாடையை இரண்டு பக்கமும் அழுத்திவிட்டுக்கொண்டு, மர நிழலில் வைத்திருந்த தூக்கைத் திறந்து கூழ் குடித்தார்.

"இன்னா பாய், யாரு இவரு?"

"மெட்ராஸ்லேந்து பட்சி பாக்க வந்துகிறாரு. பேச்சு வராது. காது கேக்கும்."

நாகம்மா தூக்கோடு என் பக்கம் வந்தார். பேச முடியாதவனிடம் ஜனங்கள் எதையும் கேட்டுவிடுகிறார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்குப் பேச்சு வராதே, நீங்க எப்டி வேண்டிக்குவீங்க?"

நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன்.

"மனசுக்குள்ளயா? அது போய்ச் சேருதா?"

சேரும் என்று தலையாட்டத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"இல்லண்ணா, சேராது. மூணு வருசத்துக்கு மின்னாடி இங்க கூட்டம் போட்டாங்க. மெட்ராஸ்லேந்து ஒரு பெரிய பாஸ்டரு வந்தாரு. இன்னா கொரலுன்ற! ஏரிக்கு அந்தாண்ட கேட்டுச்சு. அவரு சொன்னாரு, வாயத் தொறக்காத ஜெபம் போஸ்ட்ல போடாத லெட்டரு மாரி, எழ்தி எழ்திப் பொட்டிக்குள்ள வச்சிக்கினா யாருக்குப் போய்ச் சேரும்னு."

அது என் வாக்கியம். இருபது இடத்திலாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் கூட்டம் 'ஆமென்' என்று எழும். என் பிரசங்கங்களில் எனக்கே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

"அதுலேந்து ஆறு மாசத்துல எம் பொண்ணுக்கு வலி எட்த்துச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டு, வீட்ல அடுப்பு எரியணுமேனு நான் தண்ணில எறங்கிட்டேன். வாய்ல கவுறு. உள்ளுக்குள்ளயே கேட்டுக்கினே கீறேன், காப்பாத்து, காப்பாத்துனு. கர ஏறுனா சேதி வருது. பொண்ணு பொழச்சிக்கிச்சு. கொழந்த இல்ல." தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "அந்தக் கவுத்த ஒரு தபா துப்பிட்டு வாயத் தொறந்து கேட்டிருந்தா இன்னா? ஒரு பறி எறாலு போயிருக்கும், அவ்ளோதானே. அப்பறம் நான் சபைக்குப் போறதில்லண்ணா. இன்னானு போறது?"

அவர் அழவில்லை. இரண்டரை வருடமாகத் தனக்குத்தானே சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது. எனக்குத்தான் கண் கலங்கியது. நோட்டை எடுத்து, 'அந்தப் பாஸ்டர் சொன்னது தப்பு' என்று எழுதி நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. காதர் பாய் வாங்கி உரக்கப் படித்தார்.

"நீங்க யாருண்ணா அத்த சொல்ல?" என்றார் நாகம்மா, கோபமில்லாமல். "அவரு பாஸ்டரு. படிச்சவரு. உங்களுக்கு வாயே வராது."

அடுத்த தாளில் எழுதினேன்: 'அந்தப் பாஸ்டர் நான்தான்.' பாய் அதை மனசுக்குள் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நோட்டை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத்த நான் படிக்க மாட்டேன் சார். இது நீங்களே சொல்ல வேண்டிய சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பக்கம் போய் நின்றுகொண்டார்.

இன்னும் ஐந்து நாள் பாக்கி. டாக்டர் சொன்ன ஆபரேஷனும், குரல் போன பிறகு மேடையில் நிற்கும் நானும் கண் முன்னே வந்தது உண்மை. மறைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா மறுபடி கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார், தண்ணீருக்குப் போகப் போகிறார்.

"நான்தாம்மா அந்தப் பாஸ்டர்" என்றேன். காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

நாகம்மா திரும்பினார். "அவரு கொரலு இது இல்லியே."

"அதான் போயிடுச்சும்மா." தொண்டையில் முள் குத்தியது. "நான் சொன்னது தப்பு. குழந்தை அதனால சாகல."

அவர் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அப்ப எதனால செத்துச்சு?"

முப்பத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பதிலை உடனே எடுத்து நீட்டியிருக்கிறேன். அன்று தேடிப் பார்த்தேன். தொண்டை நன்றாக இருந்திருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவரும் மெதுவாகத் தலையாட்டினார், ஏதோ ஒரு கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது போல. "சரி, பேசாதீங்க ஐயா. தொண்ட போய்டும்" என்றார். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அவர் மன்னித்தாரா, தெரியாது. உள்ளே வேண்டிக்கொண்டாரா, வெறும் இறாலைத்தான் தேடினாரா, அதுவும் தெரியாது. கரையில் நின்று, எனக்குப் பழக்கமில்லாத விதத்தில், வாய் மூடி, அவருக்காகவும் அவர் மகளுக்காகவும் வேண்டிக்கொண்டேன். வார்த்தை எதுவும் அமையவில்லை. நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பகல் 1.15 பஸ்ஸில் திரும்பினேன். காதர் பாய் நானூறுக்கு மேல் வாங்கவில்லை, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். பதினாலாம் நாள் டாக்டர், "பேசினீங்களா?" என்று கேட்டார். நோட்டில் 'பன்னிரண்டு வார்த்தை' என்று எழுதிக் காட்டினேன். திட்டிவிட்டு இன்னொரு வாரம் சேர்த்தார். ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. குரல் வந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. மூன்றாவது பெஞ்சுக்கு மேல் போகாது. மேடைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, கடிதத்தைப் பற்றி நான் சொல்லிவந்தது தவறு என்று சபையில் சொன்னேன். ஒலிபெருக்கியை வெளியே வைப்பதையும் நிறுத்திவிட்டோம்.

போன வாரம் பழவேற்காட்டுச் சபையின் ஊழியர் போன் செய்தார். "ஐயா, நாகம்மா வந்தாங்க. கடைசி பெஞ்சு. பாட்டு பாடல, ஜெபத்துலயும் வாயத் தொறக்கல. ஆனா முடியிற வரைக்கும் உக்காந்துகினு இருந்தாங்க." நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரி நல்லது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். கல்லறைக்கு ஒரு மணி நேரம், ஏரிக்கரைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி பஸ் நேரத்தை இறங்கியவுடன் விசாரித்து வையுங்கள். ஒரு ஆளுக்கு ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடியும், ஆட்டோ தனி.

இன்னும் ஒன்று. அன்று நான் கிளம்பும் நேரத்தில் கரைக்கு வந்த வேறு சிலர், தண்ணீரில் இருந்த பெண்களைப் பார்த்து, "அக்கா, இன்னா கெடச்சுது?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்யாதீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அவர்கள் காலையிலிருந்து சேர்த்தது தண்ணீரோடு போய்விடும். அவர்கள் கரையேறும் வரை நீங்களும் பேசாமல் இருங்கள்.