கம்பியில் தொங்கிய கோட்டுகள்

மூன்று மாதத்துக்குள் லாண்டரியைக் காலி செய்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வந்த கட்டட ஓனர் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"நீயே பாரும்மா, மில்லு மூடினதுலேருந்து உன் மெஷின் சத்தமே கேக்கல. குடோனுக்குக் கேட்டு வந்திருக்காங்க. சாவியை வாங்கிக்க நானே வரேன்."

லாண்டரிக்காரம்மா தலையாட்டி வைத்தாள். மில் ஆட்களின் சீருடையைத் துவைத்தே பத்தொன்பது வருடம் ஓட்டியவள். மில்லுக்குப் பூட்டு விழுந்தபின் அவளுடைய நான்கு பெரிய மெஷின்களில் மூன்று சும்மா நின்றன.

பின்னறையில், சுவருக்குச் சுவர் கட்டிய கம்பியில், யாரும் திரும்ப வந்து வாங்காத துணிகள் தொங்கின. 'முப்பது நாளுக்குமேல் கடை பொறுப்பல்ல' என்று ரசீதில் அச்சடித்திருந்தாளே தவிர, ஒன்றைக்கூடத் தூக்கிப்போட அவளுக்கு மனம் வந்ததில்லை. வருடத்துக்கொருமுறை எல்லாவற்றையும் உதறி, இஸ்திரி போட்டு, காலரில் தைத்த நம்பரோடு மறுபடி மாட்டுவாள். எதிர்க்கடையில் பேக்கரி நடத்திய நாத்தனாருக்கு இது தீராத தமாஷ்.

"செத்தவங்க சட்டைக்கெல்லாம் இஸ்திரி போடுறீங்களே அண்ணி, மேலேருந்து வந்து கேக்கப்போறாங்களா?"

"வந்தா கசங்கினதையா குடுக்கிறது?"

ஊருக்குப் பின்னால், ரயில் நின்றுபோன தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ஒரு நெடும்பாதை போட்டிருந்தார்கள். மலையில் தொடங்கிக் கடலில் முடிகிற பாதை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். இனி ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று திறப்பு விழாவில் முழங்கினார்கள். வந்தவர்களோ குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரே மிதியாகப் போய்விட்டார்கள். "டயர் தடத்தைத் தவிர நமக்கு ஒண்ணையும் விட்டுட்டுப் போகமாட்டேங்கிறாங்க" என்றாள் நாத்தனார்.

ஓனர் வந்துபோன மறுவாரம், நல்ல மழையில், நெடும்பாதையில் சைக்கிளில் வந்த ஒரு கணவனும் மனைவியும் முழங்கால்வரை சேறோடு லாண்டரிக்குள் நுழைந்தார்கள். கூடவே நுழைந்த நாற்றம், மில் உடுப்பு துவைத்துப் பழகிய மூக்கையே ஒரு உலுக்கு உலுக்கியது.

"பதினொரு நாளா இதேதாங்க. துவைச்சுத் தருவீங்களா?"

"தரேன். அவுத்துக் குடுங்க."

"மாத்திக்க வேற இல்லையே. கனம் தூக்க முடியாதுன்னு ரெண்டு செட்தான். இன்னொண்ணு இதைவிட மோசம்."

அவள் பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள். உடைமைக்காரர் வந்து கேட்டால்? கேட்கட்டும், நம்பர் இருக்கிறது, துவைத்து மாட்டினால் போயிற்று. புருஷனுக்கு ஒரு பேண்டு வாத்தியக்காரரின் பித்தளைப் பொத்தான் கோட்டு கிடைத்தது. மனைவிக்குக் கணுக்கால்வரை பூப்போட்ட அங்கி.

துவைத்து உலர ஒன்றரை மணி நேரம். அந்தக் கோலத்தில் சைக்கிள் மிதிக்க முடியுமா? தெருவில்தான் சுற்றினார்கள். முடி வெட்டிக்கொண்டார்கள், பிய்ந்த ஷூவைத் தைத்துக்கொண்டார்கள். நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணி, ஒரு முழு ரொட்டி, ஆறு முட்டை! இன்னும் பசிக்குதாம். இந்த மாதிரி நாலு பேரை நனைச்சு அனுப்புங்க!"

அன்றே லாண்டரிக்காரம்மா பாதையோரம் ஒரு பலகை நட்டாள். வாசகம் நாத்தனாருடையது: 'உங்கள் வாசனை உங்களுக்கே தெரியும். அடுத்த வளைவில் லாண்டரி. மாற்றுடை இலவசம்.' பாதைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்தில் தெரு நாடகக் கொட்டகை போலிருந்தது. பூட்டிக் கிடந்த சைக்கிள் கடை ஷட்டரைத் தூக்கியது. பேக்கரிக்கு இரண்டாவது அடுப்பு வந்தது.

ஓனர் சாவிக்கு வந்த அன்றுதான் பதினான்கு பேர் ஒரே கூட்டமாக வந்து இறங்கினார்கள். கம்பி காலியாகிவிட்டது. கடைசியாக மிஞ்சிய சாம்பல் நிறக் கோட்டை, அவசரத்தில் நம்பரைப் பார்க்காமல், ஒரு நெட்டையரிடம் நீட்டிவிட்டாள். கால் மணி நேரத்தில் பேக்கரி வாசலில் ஓனரின் குரல் எழுந்தது.

"யோவ், அது என் கோட்டுய்யா!"

லாண்டரிக்காரம்மா தெருவைக் கடந்து விரைந்தாள். ஓனரிடம் சொல்ல மூன்று மாதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் ஓடிப்போயின.

"துவைக்கப் போட்டுட்டு மறந்துட்டீங்க சார். ஆறு வருஷமாச்சு."

"ஆறு வருஷமா என் வீட்டுக்காரிதான் தொலைச்சிட்டான்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்!"

"அப்ப வீட்டுக்குப் போனா இருக்கு உங்களுக்கு" என்றாள் நாத்தனார், ரொட்டியை அறுத்துக்கொண்டே.

நெட்டையர் எழுந்தார். "உங்களுதா சார்? மன்னிச்சுக்கங்க. இங்க ராத்திரி தங்க ரூம் கிடைக்குமா? பதினாலு பேர் இருக்கோம்."

ஓனர் நிமிர்ந்து, லாண்டரிக்கு மேலே தன் மாடி ஜன்னல்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை லாண்டரிக்காரம்மா விடவில்லை.

"மில் சூப்பர்வைசருங்க இருந்த ஆறு ரூமும் கட்டிலோட சும்மாதானே கிடக்கு சார்? விரிப்பு நான் துவைச்சுத் தரேன். ஆனா ஒண்ணு, கீழ குடோன் வந்து லாரி உறுமினா மேல எவன் தூங்குவான்?"

ஓனர் அவளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். முடிதிருத்தும் கடையில் பித்தளைப் பொத்தான் கோட்டு ஒன்று வரிசையில் காத்திருந்தது.

"மாடிச் சாவி எங்க?"

"கடைச் சாவியைத்தானே வாங்க வந்தீங்க?"

"அதை நீயே வச்சுக்க."

சாயங்காலம் பதினான்கு பேரும் துணி மாற்றி முடிந்ததும் ஓனர் கோட்டைப் போட்டுப் பார்த்தார். பொத்தானும் காஜாவும் ஒரு சாண் தள்ளி நின்றன. தானே கொண்டுபோய்க் கம்பியில் மாட்டினார்.

"அதான் முப்பது நாளுக்குமேல பொறுப்பில்லன்னு போட்டிருக்கியே, ஏன் வச்சிருந்த?"

"அது கடைக்கு சார். எனக்கில்ல" என்றாள். மில்லுக்குப் பூட்டு விழுந்ததிலிருந்து ஓடாத நான்காவது மெஷினின் சுவிட்சைத் தட்டினாள். அது ஒருமுறை இருமி, பிறகு தரை அதிர ஓடியது.