கரடிக்குள் இருந்து பார்த்த கப்பல்

போன வருஷம் ஆடி மாசம் நடந்தது இது. எங்கள் ஊர் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம். தீபாவளி ஆர்டர்கள் குவிந்து, பட்டாசுக் கம்பெனிகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். விருதுநகரைத் தாண்டி மதுரை போகும் நாற்கரச் சாலையை ஒட்டி ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அக்கா பத்தாவதோடு நின்று பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். பேக்கிங் பிரிவில் சேர்ந்த அன்று எந்த இடத்தில் உட்கார்ந்தாளோ, இன்றைக்கும் அதே இடம்தான். அந்தக் கம்பெனியின் அலுவலகத்தில் கணக்கு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா சொல்லி வைத்திருந்ததால் அந்த வேலை எனக்காகக் காத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

காலையில் நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே சொன்னாள். "ஏலே, எம்புட்டுக் குடுப்பீகன்னு மட்டும் கேட்டுட்டு வந்துறாத. அதை அவுகளே சொல்லிருவாக. இதே சம்பளத்துல சேந்தவுக இப்ப என்னவா இருக்காகன்னு கேளு. முழிச்சாகன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துரு."

"நீ சேந்து என்னவா இருக்க?" என்றேன் சும்மா வம்புக்கு.

"அதான் உன்னையக் கேக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடிவிட்டாள்.

பூங்காவில் எங்களை ஒரு குளிரூட்டிய அறைக்கு வெளியே வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். என் முறை வந்தது. நேர்காணல் செய்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மேடம். சான்றிதழைப் பார்த்தார். உயரத்துக்குப் பயமா, வாந்தி வருமா என்று கேட்டார். ராட்டினத்தில் உதவியாள் வேலை, ஆரம்பத்தில் பன்னிரண்டாயிரம், அதில் பி.எஃப். பிடிப்போம், மதியச் சாப்பாடும் சீருடையும் உண்டு, வாராந்தர விடுமுறை ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று கடகடவென்று சொல்லி முடித்தார். எனக்கு மனசுக்குள் கொஞ்சம் சப்பென்று ஆனது. கணக்கு எழுதும் வேலையில் இதைவிடக் கூடுதலாகவே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். எழுந்திருக்கலாம் என்பதற்கு அவர் வைத்திருந்த வார்த்தை அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னதை அப்படியே கேட்டுவிட்டேன்.

அவர் முழிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நான் சொன்னா ஆபீஸ் சொல்ற மாதிரிதான் இருக்கும் தம்பி. உள்ள போய் வேலை பாக்குறவங்ககிட்டயே கேளுங்க. மூணு மணிக்குள்ள திரும்பி வந்து, சேர்றீங்களா இல்லையான்னு சொல்லுங்க" என்று கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பினார்.

இப்படித்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தீம் பார்க்குக்குள் நான் நுழைந்தேன். ராட்டினம் ஏறுவதற்காக அல்ல, விசாரிப்பதற்காக.

நுழைவாயிலில் வருகிறவர்களின் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் முதலில் கேட்டேன். விருதுநகர்க்காரர். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே பருப்புக் கடையாம். "சேந்தப்பவும் பட்டைதான், இப்பவும் பட்டைதான். என்ன ஒண்ணு, அப்ப ஆளுங்க முகத்தப் பாத்து ஒட்டுவேன். இப்ப முகத்தப் பாக்குறதே இல்ல" என்று சிரித்தார். "கேக்குறதுன்னா ராட்டினத்துப் பக்கம் போய்க் கேளுங்க. அங்கனதான் ஏதோ பரீட்சை அது இதுன்னு பேசிக்கிறாக."

ராட்டினத்துப் பக்கம் போகும் வழியில்தான் அது நடந்தது. பழச்சாறுக் கடைக்கு முன்னால் ஒரு கரடி நின்றுகொண்டிருந்தது. உள்ளே மனிதர் இருக்கிற பொம்மைக் கரடி. பழுப்பு ரோமம், பெரிய தலை, நீலக் கால்சட்டை. சுற்றிலும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். திடீரென்று ஒரு குழந்தையின் கையில் இருந்த பலூன் டப்பென்று வெடித்தது. பிள்ளைகள் கத்தினார்கள், பிறகு சிரித்தார்கள். பலூன்காரர்கூடத் திரும்பவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் சத்தம் வந்த இடத்தைப் பார்க்க மாட்டோம். தலையைத் தூக்கி, மரங்களுக்கு மேலே எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்போம். அந்தத் திசையில் யார் வேலை செய்கிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போன் போடுவோம். சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்றும் கழுத்து தானாகத் திரும்பி, நான் வேப்பமரத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிய பார்வை கரடியின் மேல் நின்றது. அத்தனை பெரிய தலையைச் சிரமப்பட்டுத் தூக்கி, கரடியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் போய், அதன் வாய்க்கு நேராக மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, உங்களுக்குச் சிவகாசியா சாத்தூரா?"

கரடி பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். அது என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு இழுத்துக்கொண்டு போனது. தலையைக் கழற்றியதும் உள்ளே வேர்வையில் குளித்த ஒரு மனிதர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம்லே" என்றார். "நீ எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அவர் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது எனக்குச் சொன்ன சம்பளத்தைவிடக் குறைவு. வருஷம் ஒரு தடவை ராட்டினம் இயக்குபவர் வேலைக்குத் தேர்வு வைப்பார்கள். தேறினால் சம்பளமும் கூடும், கையில் ஒரு தொழிலும் நிற்கும், வேறு பூங்காவுக்குப் போனாலும் மதிப்பு உண்டு. இந்த வருஷத் தேர்வு அன்றைக்கே, இரண்டு மணிக்கு.

"அப்புறம் என்னண்ணே, போய் எழுத வேண்டியதுதான?"

"எழுதுறது எல்லாம் எழுதியாச்சு. அந்தா ஆடுற கப்பல் ராட்டினத்தை இயக்கிக் காட்டணும். நான் போயிட்டா இதுக்குள்ள யாரு இருக்கது? மாத்தி விடுறவன் ஊர்ல கோயில் கொடைன்னு லீவு. ஸ்கூல் பிள்ளைக இருக்க வரைக்கும் கரடி நிக்கணும்னுட்டாரு சூப்பர்வைசர். போன வருசமும் இதே கதைதான். கரடிக்கு ஆள் இல்லன்னு கரடியாவே இருந்துட்டேன்."

நான் நல்ல மனசோடு முன்வந்தேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அது இல்லை. அக்காவின் கேள்விக்குப் பதில் என் கண் முன்னால் வேர்த்து உட்கார்ந்திருந்தது. இவர் தேறினால் இந்த வேலையில் மேலே போக வழி இருக்கிறது என்று அர்த்தம். தேர்வுக்கே போக முடியாவிட்டால் எனக்குப் பதிலும் கிடைக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. "நான் உள்ள இருக்கேண்ணே" என்றேன்.

சூப்பர்வைசர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார், ஆபீஸுக்குப் போனில் ஏதோ கேட்டார், என் உயரத்தைப் பார்த்தார். "மயக்கம் வந்தா உடனே உக்காந்துரணும். பேசக் கூடாது, ஓடக் கூடாது, பிள்ளைங்களத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த உடுப்பைப் போடும்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். முழுக்க நைலான் ரோமம். தலையை மாட்டும்போது முடியில் உரசிச் சடசடவென்று பொரிந்தது. நான் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். நைலான் புடவை கட்டி ஒருத்தி கம்பெனி கேட்டைத் தாண்ட முடியாத ஊர் எங்களுடையது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பொறி போதும்.

அண்ணன் தலையைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கேலி செய்யவில்லை. "நானும் மொத நாள் இப்பிடித்தாம்லே ஓடுனேன். இங்கன மருந்து இல்ல. நல்லாப் பாரு, இங்கன மருந்தே இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். தண்ணீரைக் குடிக்க வைத்து, தலையை மாட்டிவிட்டு, கரடியின் வாய் வழியாகத் தெரிந்த கப்பலைக் காட்டினார். "மரத்துக்கு மேல அந்த மூக்கு தெரியுது பாரு. அது ஆடி, மேடைக்கு நேரா அசையாம நிக்கணும். தள்ளி நின்னா பரீட்சை போச்சு."

போய்விட்டார்.

உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல இருந்தது. வாய் அளவுதான் உலகம். ஒரு பயல் வயிற்றில் குத்தினான். ஒருத்தி என் வாலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு சின்னக் குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கரடி தன் உயரத்துக்கு இறங்கியதும் அழுகையை நிறுத்திவிட்டு, வந்து என் மூக்கைத் தொட்டது. இந்த வேலையைக் கேவலமாக நினைத்தோமே என்று இருந்தது.

கண் மட்டும் மரத்துக்கு மேலேயே இருந்தது. கப்பலின் மூக்கு எழும்பியது, தாழ்ந்தது, இன்னும் உயர எழும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி மறைந்தது. சரியாக நின்றதா, தள்ளி நின்றதா? மரம் மறைத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூக்கு எழும்பியது. தப்பாக நிறுத்தியதால்தான் மறுபடி இயக்கச் சொல்கிறார்களோ? பள்ளிப் பிள்ளைகள் என்னோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள், கரடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறது, உள்ளே நான் பேர்கூடத் தெரியாத ஒருவருக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் கூட்டத்துக்குள் மெதுவாக நடந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாய் விட்டுக் கேட்கவும் முடியாது. நேராக வந்து என் காதுப் பக்கம் குனிந்தார்.

"ரெண்டாந்தடவை ஆள் ஏத்தி ஓட்டச் சொன்னாக. மொதத் தடவை ஆளில்லாமச் சரியா நிறுத்துனவனுக்குத்தான் அது. நாளைலேருந்து கப்பல் என்னுது."

நான் கரடி பேசக் கூடாது என்ற சட்டத்தை மீறிவிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மூன்று மணிக்கு மேடத்திடம் போய்ச் சேர்கிறேன் என்றேன். அவர் என் நனைந்த சட்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ராட்டினத்துல எல்லா இடமும் காலையிலயே நிரம்பிடுச்சு தம்பி. ஒரே ஒரு இடம் இப்பத்தான் காலியாச்சு" என்றார்.

அக்காவைக் கேட்க வழியில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அவள் வேனில் ஏறிய பிறகுதான் பேசினேன்.

"பி.காம். படிச்சிட்டுக் கரடியாலே?" என்றாள். வேனில் இருந்த பெண்கள் எல்லாம் சிரிப்பது கேட்டது. சிரிப்பு அடங்கியதும் குரல் தாழ்ந்தது. "உனக்கு முன்ன அதுல இருந்தவரு?"

"மத்தியானம் வரைக்கும் கரடி. நாளைலேருந்து கப்பல் ஓட்டப் போறாரு."

"சரி, கம்பெனியில நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் தீபாவளியோடு சீசன் முடிந்து வீடே ஓய்ந்து உட்காரும். பூங்காவில் தீபாவளியன்றுதான் கூட்டமே தொடங்கும். வீட்டில் இல்லாத முதல் தீபாவளி எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பட்டை ஒட்டும் பெண் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் வழி திறப்பதில்லை. நான் இப்போது குழந்தைகள் ரயிலில் உதவியாள். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அடுத்த தேர்வுக்குப் படிக்கிறேன். அச்சங்குளத்து அண்ணன் இடைவேளையில் கப்பலின் பேனலைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்.

என் கரடிக்குள் இப்போது வேறொருவர் இருக்கிறார். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் வாய்க்கு நேராகக் குனிந்து, தண்ணீர் குடித்தீர்களா, இன்றைக்கு உங்களுக்கு எங்காவது போக வேண்டியிருக்கிறதா என்று கேட்காமல் கடந்ததில்லை.