கூடுதலாக ஒரு அடி

"கண்ணு அவிஞ்சு போச்சுன்னா வூட்ல போய் குந்து. ஊரான் வண்டிய ஏன்டா நாசம் பண்றே?"

கிறிஸ்டோபர் இதைச் சொன்னது தன் கூட்டாளி ஜானைப் பார்த்து. ஊரின் கேம்ப் பகுதியில், சர்ச்சுக்குப் பின்சந்தில் இருவரும் சேர்ந்து நடத்திய கராஜில், வண்டிக்காரரை வைத்துக்கொண்டே சொன்னார். வண்டிக்காரர் வெங்கடேஸ்வரன், பாங்கில் வேலை பார்த்து ரிடையரானவர். அவர் அப்பா ஓட்டிய பழைய அம்பாசடர் அது. இஞ்சின் வேலை முடித்துக் கொடுத்து இரண்டே வாரத்தில் இறுகிப்போய், கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

"நான் பாத்துதான்ண்ணா சொன்னேன்" என்றான் ஜான்.

"இன்னாத்த பாத்தே? ஒரு கண்ணுல புரை, இன்னொண்ணு அதுக்குத் துணை."

ஜான் கையைத் துடைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவன்.

கிறிஸ்டோபரின் அப்பா வேலூர்ப் பக்கமிருந்து இந்த மராத்தி ஊருக்கு ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, கைவேலை ஏறியது. கூடவே வாயும் வளர்ந்தது. சூப்பர்வைசரோடு சண்டை போட்டு இரண்டு வேலையை விட்டார். மூன்றாவதாகச் சொந்தக் கடை போட்டார், அங்கே சண்டை போட ஜான் மட்டும்தான் இருந்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இருவரையும் தேடி வருவார்கள். அதில் கிறிஸ்டோபருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

கேம்ஷாஃப்ட் என்பது இஞ்சினுக்குள் நீளமாகக் கிடக்கும் தண்டு. அம்பாசடரில் அது மூன்று பேரிங்கில் சுற்றும். இந்த பேரிங்கில் குண்டு கிண்டு கிடையாது, வளையல் மாதிரி வெறும் வளையம்தான். தேய்ந்துபோனால் ஆயில் பிரஷர் விழுந்துவிடும். பழசைத் தட்டி எடுத்துப் புதுசைத் தட்டி ஏற்ற வேண்டும். வளையத்தில் ஒரு ஓட்டை, இஞ்சின் உடம்பில் ஒரு ஓட்டை. இரண்டும் நேராக நின்றால்தான் ஆயில் வரும். இல்லாவிட்டால் காய்ந்து, கருகி, தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தி கிறிஸ்டோபருடையது. ஜான் அந்தப் பக்கம் குனிந்து, சைக்கிள் ஸ்போக் ஒன்றை ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்பான். தடையில்லாமல் போனால், இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வந்தது என்று மராத்தியில் "ஆர்பார்" எனக் குரல் கொடுப்பான். அத்தோடு சுத்தி நிற்க வேண்டும். ஆனால் கிறிஸ்டோபர் "ஏசப்பாவுக்கு ஒண்ணு" என்று கடைசியாக மெதுவாக இன்னொரு தட்டுத் தட்டுவார். ஜான் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஸ்போக்கை விடுவான். இது இத்தனை வருஷமும் நடந்ததுதான்.

ஜான் போன மூன்றாம் நாள் கிறிஸ்டோபர் தனியாக இஞ்சினைப் பிரித்தார். முன்னும் பின்னும் சரியாகவே இருந்தன. நடு வளையம் கருகிக் கிடந்தது. அது கோணலாகத் திரும்பியிருந்தால் ஜான் பார்க்கத் தவறியது என்று சொல்லலாம். திரும்பவில்லை. நேராக உள்ளே தள்ளிப்போய், முக்கால் ஓட்டை மூடியிருந்தது. ஒரு அடி அதிகமாக விழுந்த வளையம்.

அன்றைக்கு நடந்தது அவருக்கு அட்சரம் பிசகாமல் நினைவு வந்தது. போனில் பெண்டாட்டி ஜான்சி, தண்ணி டாங்கர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, இருந்த எரிச்சலில் ஏசப்பாவுக்கு ஓங்கியே போட்டார். "இருண்ணா, இன்னொரு தபா பாத்துடறேன்" என்றான் ஜான். "பாத்தாச்சுல்ல, தண்ட உள்ள வுடு" என்றார் இவர்.

வளையத்தைப் பழைய இரும்பு டப்பாவில் எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலு நாள் சுமந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போனபோது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது.

வெளியே வந்ததும் ஜான்சி பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா பண்ணித் தொலைச்சே?"

சொன்னார்.

"அப்போ குருடன் நீதான்" என்றாள். "அவனை நாலு பேர் எதிர்க்க திட்டிட்டு, எங்கிட்ட ரகசியமா சொல்றியா? அவன்கிட்ட போ."

ஜான் ஊர்க்கோடியில் கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தான். யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்கியது. கிறிஸ்டோபர் வளையத்தை நீட்டினார். அவன் புரைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தான்.

"ஏசப்பாவுக்கு அடிச்சது."

"ஆமாடா."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?"

"நீ சொல்ல வுட்டியா?" வளையத்தைத் திருப்பிக் கொடுத்தான். "அந்த சார் எதிர்க்க என்னைச் சொன்னே. அவர் எதிர்க்கவே இதையும் சொல்லு."

அடுத்த ஞாயிறு ஜானையும் வெங்கடேஸ்வரனையும் கராஜுக்கு வரவழைத்தார். "சார், தப்பு என்னுது. ஜான் சரியாத்தான் சொன்னான். நான்தான் மேல அடிச்சேன்."

வெங்கடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கிறிஸ்டோபர் இது. பழைய கார் வச்சிருக்கற எங்க க்ரூப் முழுக்கச் சொல்லிட்டேனே, அவருக்குக் கண்ணு தெரியலைன்னு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட கிறிஸ்டோபருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மாத்திச் சொல்லிடறேன்" என்றார் வெங்கடேஸ்வரன், ஜானைப் பார்க்காமல்.

ஜான் தலையாட்டினான். கிளம்பியவன் பின்னாலேயே கிறிஸ்டோபர் சந்து முனைவரை போனார். "நாளைக்கு வந்துர்றா."

"அங்க யாரும் என் கண்ணப் பத்திப் பேசறதில்லைண்ணா. ஷிஃப்டுக்கு டைமாச்சு."

பஸ் ஏறிப் போய்விட்டான். அம்பாசடர் வேலை அப்படியே கிடந்தது. புது வளையம் ஏற்றும்போது அந்தப் பக்கம் குனிந்து பார்க்க ஆளில்லை. கிறிஸ்டோபர் புத்வார் பேட்டு கடைத்தெருவுக்குப் போய், ஒயர் நுனியில் பட்டாணி அளவு கேமரா வைத்து, போனில் படம் காட்டுகிற சாமான் ஒன்றை வாங்கினார். எதற்கும் பேரம் பேசுகிற மனுஷன், அன்றைக்குக் கடைக்காரன் சொன்னதை அப்படியே எடுத்துக் கொடுத்தார். ஆயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.